பித்தளை ஆணி மேஜை

அண்ணியின் கழுத்தில் அளவு டேப் இல்லாமல் நான் பார்த்தது இரண்டே தடவைதான். ஒன்று, அவள் கல்யாணத்தன்று. இன்னொன்று, இடது மணிக்கட்டு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. அப்போதும் மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தவுடன் அவள் பெற்ற பிள்ளையைத் தேடவில்லை. "என் டேப் எங்க?" என்றுதான் கேட்டாள்.

எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, அறுபத்தொன்று. என் அண்ணனைக் கட்டிக்கொண்டவள் என்பதால் நேரில் 'வாங்க, போங்க' என்று பேசுவேன். எழுதும்போது அந்த மரியாதை எனக்கு ஒத்துவராது. தெருவில் எல்லாருக்கும் அவள் 'டேப்பு'தான். நாத்தனார் எழுதினால் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை இருக்காது என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஜன்னல் திரையும் சோபா உறையும் தைப்பது அவள் தொழில். முப்பத்து மூன்று வருஷமாக இதே வேலை. இந்த ஊரில் வெயிலை மறைத்துக்கொண்டு தூங்குகிறவர்களில் பாதிப்பேர் அவள் தயவில் தூங்குகிறார்கள். ஆரம்பத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் பதினான்கு ஜன்னல் திரை தைக்கச் சொன்னார்கள். அங்கே இருந்த மேனேஜர் போனிலேயே அளவைச் சொன்னான். அண்ணியும் நம்பித் தைத்தாள். கொண்டுபோய் மாட்டினால் பதினான்கும் ஒரு சாண் குட்டை. மேனேஜர் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று சாதித்துவிட்டான். அந்தத் துணி எல்லாம் எங்கள் வீட்டில் தலையணை உறையாக, பையாக, துடைக்கும் துணியாக வருஷக்கணக்கில் கிடந்தது. அன்றிலிருந்து அவள் யார் வாயிலிருந்து வரும் அளவையும் நம்புவதில்லை. கடவுளே நேரில் வந்து ஜன்னல் நாலடி என்று சொன்னாலும், "சரிங்க, நான் ஒருதடவை வந்து பாத்துடறேன்" என்பாள்.

அளந்ததை எல்லாம் அவள் எழுதுவது சுவரில். கராஜின் உள்சுவரில், தலை உயரத்திலிருந்து இடுப்பு வரை, பென்சிலில். 'வக்கீல் வீடு மாடி 5 x 4', 'நூலகம் 6½ x 7, வலப்பக்கம் கோணல்', 'குண்டு டாக்டர் ஹால்', இப்படி. எந்த வீட்டில் எந்த ஜன்னல் கோணல் என்று கட்டின கொத்தனாருக்குக்கூட நினைவிருக்காது. அவள் சுவரில் இருக்கும்.

அந்த கராஜில் முன்பு என் அண்ணனின் சரக்கு வேன் நிற்கும். இடமில்லாமல் அண்ணி ஹாலில் தரையில் துணியை விரித்து, முட்டி போட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் இழுத்து மூடப்பட்ட ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அண்ணன் ஒரு ஆய்வுக்கூட மேஜையை ஏற்றிவந்தான். பத்தடி நீளம், நாலடி அகலம், நின்றுகொண்டு வேலை செய்கிற உயரம். மேலே ஏதோ அமிலம் பட்டு வட்டம் வட்டமாகக் கறை. அன்றிலிருந்து வேன் தெருவுக்குப் போனது, மேஜை கராஜுக்கு வந்தது. அண்ணி அதன் விளிம்பில் அடிக்கு ஒரு பித்தளை ஆணியும், நடுவில் அரை அடிக்கு ஒரு குட்டி ஆணியும் தன் கையாலேயே அடித்தாள். துணியை அந்த விளிம்போடு இழுத்துக்கொண்டே போவாள். கட்டைவிரல் ஆணி ஆணியாகத் தடவிக்கொண்டு போகும். எட்டு ஆணி என்றால் எட்டடி. பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, என்னைத் திட்டிக்கொண்டே அளப்பாள். ஒரு இன்ச் தவறியதில்லை.

அண்ணன் போய் நாலு வருஷம் ஆகிறது. பிள்ளை ஒரே பிள்ளை. ரயிலில் இரண்டு மணி நேர தூரத்தில், பதினோராவது மாடியில் வீடு வாங்கிக் குடியிருக்கிறான். நல்ல பையன். என் அண்ணன் பிள்ளை என்பதற்காகச் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தினமும் காலையில் போன் பண்ணாமல் ஆபீஸ் போகமாட்டான். அவனிடம் உள்ள ஒரே குறை, எதையும் உடனே முடித்துவிட வேண்டும் என்ற அவசரம்.

போன மாரிக்காலத்தில் ஒரு வீட்டு மாடிப்படி ஜன்னலுக்குக் கம்பி மாட்ட அண்ணி ஏணி ஏறினாள். ஏணி வழுக்கியது. அந்த வீட்டுக்காரர்தான் அவள் போனை எடுத்து, 'மகன்' என்று இருந்த நம்பருக்கு அடித்திருக்கிறார். இரண்டு மாதம் கட்டு. கட்டைப் பிரித்த பிறகும் இடது கையில் பிடி முன்போல் இல்லை. நனைந்த துணியை முறுக்கினால் விரல் நடுங்கும். அப்போதுதான் பிள்ளை சொன்னான்: "போதும்மா. எங்களோட வந்துடு. உனக்குன்னு ஒரு ரூம் இருக்கு. இந்த வீட்டை சாமானோட வாடகைக்கு விட்டுடலாம்."

அண்ணி "பார்க்கலாம்" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் யாராவது 'பார்க்கலாம்' என்றால் அதோடு அந்தப் பேச்சு செத்தது என்று அர்த்தம். அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். பயம் வந்த மனுஷன் தனக்கு வேண்டியதைத்தானே கேட்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "வேண்டாத சாமானை எல்லாம் போன்ல போட்டு வித்துடறேன்மா" என்றான். இதற்கு அண்ணி நிஜமாகவே சரி என்றாள். ஓடாத மின்விசிறி, கைப்பிடி உடைந்த மிக்சி, சக்கரம் போன பெட்டி என்று வீட்டில் தட்டுமுட்டுச் சாமான் நிறையத்தான் இருந்தது. ஷட்டரைத் தூக்கினால் மேஜைமேல் நல்ல வெளிச்சம் விழும் என்பதால், ஒவ்வொன்றாகத் தூக்கி மேஜைமேல் வைத்துப் படம் எடுத்துப் போட்டான்.

போனில் விற்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். பொழுது போகாதபோது நான் பார்ப்பது அதைத்தான். சீரியலைவிட நன்றாக இருக்கும். விற்கிறவன் 'புதுசு மாதிரி' என்று எழுதுவான். வாங்குகிறவன் 'இருக்கா?' என்று கேட்பான். 'இருக்கு' என்று பதில் போனால் அதோடு ஆளைக் காணோம், கிணற்றில் போட்ட கல். இன்னொருத்தன் பாதி விலைக்குக் கேட்பான், சரி என்றால் அதிலும் பாதி கேட்பான், அதற்கும் சரி என்றால் வீட்டில் கொண்டுவந்து தருவீர்களா என்பான். உடைந்த மிக்சிக்கு ஒரு புண்ணியவான், "அடிப்பக்கம் ஒரு படம், உள்பக்கம் ஒரு படம், ஒயர் தனியா ஒரு படம்" என்று கேட்டுக் கேட்டு வாங்கினான். கடைசியில், "எங்க வீட்டுலயும் இதே மிக்சி இருக்கு, ஒயர் எப்படி மாட்டணும்னு பாக்கத்தான் கேட்டேன்" என்றானாம். பிள்ளை இதை எங்களிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். பொய் சொல்லக் கூடாது, அவனுடைய பழைய சைக்கிள் மட்டும் பத்து நிமிஷத்தில் விற்றுவிட்டது.

மற்றதற்கெல்லாம் கேள்வி மட்டும் வந்துகொண்டே இருந்தது. அதில் பாதிக் கேள்வி ஒரே கேள்வி. 'கீழே இருக்கும் மேஜை விலைக்குக் கிடைக்குமா?'

இது எனக்கு அப்போது தெரியாது. அண்ணிக்கும் தெரியாது. மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, பல் தேய்ப்பதற்கு முன்பே போனைத் தடவிக்கொண்டு படுத்திருந்தேன். ஒரு படம் வந்தது. 'பழங்கால மர மேஜை. பித்தளை ஆணி அலங்காரம். சுமார் எட்டடி.' மூலையில் பச்சை எழுத்தில் 'விற்றாகிவிட்டது' என்று இருந்தது. மேஜைமேல் சுருண்டு கிடந்தது அண்ணியின் மஞ்சள் டேப்.

நான் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் இரண்டு தெருதான். அண்ணி பல்லில் ஊசிகளைக் கடித்துக்கொண்டு ஒரு திரைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். போனை அவள் மூக்குக்கு நேராக நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஊசி குத்தி வைக்கும் பஞ்சில் குத்தினாள்.

"அலங்காரமாம்" என்றாள்.

"அண்ணி, அதை விடுங்க. வித்துட்டான்."

"சுமார் எட்டடியாம். என் வயித்துல பொறந்தவன் 'சுமார்'னு எழுதியிருக்கான்."

"இப்பவே போன் போட்டு நாலு கேள்வி கேளுங்க. இல்ல நான் கேக்கறேன்."

"எதுக்கு? போன்ல பேசினா அவன் அழுவான். நான் ஏமாந்து சரின்னுடுவேன்." டேப்பின் இரண்டு நுனியையும் பிடித்து இழுத்துவிட்டுக்கொண்டாள். கோபம் வந்தால் அப்படிச் செய்வாள். "வேண்டாத சாமான்னா எதுன்னு அவனுக்குத் தெரியல. ஞாயித்துக்கிழமை வரான்ல? அதுக்குள்ள நான் காட்டறேன். நாளைக்கு ஆபீஸ் லீவு போடு."

நான் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கணினி தட்டுகிறவள். ரிட்டயர் ஆக ஒரு வருஷம்கூட இல்லை. லீவு போட்டேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க நாங்கள் வீட்டுச் சாமானைக் கராஜுக்கு இழுத்தோம். ஓடாத மின்விசிறியை இழுப்போம் என்று நினைத்து வந்த நான், அவள் கை காட்டிய இடத்தை இரண்டு தடவை பார்த்தேன். ஹாலில் இருந்த சோபா. அதற்கு எதிரே கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ். பெரிய கட்டில், மெத்தையோடு. ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜை. விருந்தாளி வந்தால் எடுக்கிற தட்டுகள், முப்பது வருஷத்தில் விருந்தாளிக்காகவே காத்திருந்து ஒருதடவைகூட வாய் வைக்கப்படாத கோப்பைகள். சாமானோடு வாடகைக்கு விட வேண்டும் என்று பிள்ளை வைத்திருந்த சாமான் மொத்தமும்.

"அண்ணி, இதெல்லாம் வேண்டியது."

"யாருக்கு?"

நான் கோப்பைகளைத் திரும்பிப் பார்த்தேன்.

"கட்டில்ல நான் ஒரு ஓரத்துல படுக்கறேன். மத்த இடத்துல துவைச்ச துணி படுக்குது. சோபால நீ ஒருத்திதான் உக்கார்ற, உனக்கு ஒரு ஸ்டூல் போதும். இழு."

இடது கையால் அவளால் தூக்க முடியவில்லை. தோளால் தள்ளினாள், இடுப்பால் இடித்தாள். கட்டிலின் கால் கதவில் சிக்கியபோது, இரண்டு பக்கமும் இரண்டு கிழவிகள் மூச்சு வாங்கிக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டு நின்றோம். எதிர்வீட்டு டாக்சி டிரைவர் வந்து உதவி செய்திருக்காவிட்டால் இன்றைக்கும் அங்கேயே நின்றிருப்போம். எல்லாவற்றுக்கும் முன்னால், ஷட்டர் வாசலிலேயே, அண்ணி ஏணியைச் சாய்த்து வைத்தாள். அதன்மேல் தையல் சாக்பீஸால் எழுதின அட்டை: 'முதலில் இது போக வேண்டும்.'

கறுப்பு லைனிங் துணியில் பெரிய எழுத்தில் ஒரு பேனரும் எழுதிக் கட்டினாள். 'வீட்டுச் சாமான் விற்பனை. நாளை ஒருநாள். தொட்டுப் பார்க்கலாம், உட்கார்ந்து பார்க்கலாம், படுத்தும் பார்க்கலாம். இருக்கா என்று கேட்கக் கூடாது. கண்ணால் பார்க்கவும்.'

சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக ஷட்டரைத் தட்டினார்கள். கடைக்காரர்களுக்கு இது பழக்கம். மற்றவர்கள் வருவதற்குள் நல்லதை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அண்ணி உள்ளிருந்தபடியே, "எட்டு மணிக்கு. அதுக்கு முன்னாடி கடவுளுக்கும் கிடையாது" என்று கத்தினாள்.

எட்டுக்குத் திறந்ததும் முதலில் ஏணி போனது. ஒரு பெயின்டர் வாங்கினார். "இது ஆளைத் தள்ளிவிடும், பாத்துக்கோங்க" என்று சொல்லித்தான் விற்றாள். அவர் சிரித்துவிட்டு ரப்பர் பாதத்தைத் திருப்பிப் பார்த்து, "தேஞ்சு போச்சும்மா, இதனாலதான்" என்றார். அவள் குனிந்து பார்த்தாள். முகம் ஒரு நிமிஷம் வாடியது. ரப்பர் தேய்ந்ததைப் பார்க்காமல் ஏறினது தன் தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. அதை என்னிடம் ஒத்துக்கொள்ளவும் செய்தாள். மகனிடம் சொன்னால் உதைப்பேன் என்றும் சொன்னாள்.

பேரம் பேசுவதற்கு அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். எந்தச் சாமானுக்குப் பேரமோ அதன்மேல் உட்கார்ந்துகொண்டுதான் பேச வேண்டும். சோபாவில் உட்கார்ந்து விலையைக் குறைக்கச் சொன்ன ஒரு பெரியவர், உட்கார்ந்த சுகத்தில் பேச்சை மறந்து, அப்படியே சாய்ந்து, பத்து நிமிஷம் குறட்டை விட்டார். எழுந்து, கேட்ட விலையைக் கொடுத்து, மருமகனைக் கூட்டிவந்து தூக்கிக்கொண்டு போனார். போனில் போட்டிருந்தால் இந்தக் குறட்டையை எந்தப் படத்தில் காட்டியிருப்பான் பிள்ளை?

புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்து கட்டிலையே சுற்றிச் சுற்றி வந்தது. "செருப்பைக் கழட்டிட்டு படுத்துப் பாருங்க" என்றாள் அண்ணி. தெருவே பார்க்கிறது. அந்தப் பெண் முகம் சிவந்து நின்றாள். "என்னம்மா வெக்கம்? நாளைக்கு உளுத்துப் போன கட்டிலை வாங்கிட்டோம்னு வீட்டுல சண்டை போடறதுக்குப் பதிலா இப்பவே படுத்துக்கோ." படுத்தார்கள். சத்தம் வரவில்லை. வாங்கினார்கள். அண்ணி அவர்கள் வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் என்று விசாரித்தாள். வெயில் நேராக முகத்தில் அடிக்கும் என்று அவர்கள் சொன்னதும், திங்கட்கிழமை அளக்க வருவதாகச் சொன்னாள். மாட்டுவதற்கு அந்தப் பெயின்டரை அனுப்புவாளாம். ஏணி வாங்கினவரையே ஏணி ஏற்றுகிற சாமர்த்தியம் வேறு யாருக்கு வரும்.

மத்தியானத்துக்குள் ஷோகேஸ் போனது, தட்டும் கோப்பையும் போயின. ஓடாத மின்விசிறியைக்கூட ஒரு மாணவன் பிரித்துப் பார்க்க எடுத்துக்கொண்டான். சாப்பாட்டு மேஜை மட்டும் நின்றது. ஆறு பேர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற வீடு இப்போது யாரிடம் இருக்கிறது?

சாயங்காலம் ஷட்டரை இறக்க அவளால் முடியவில்லை. நான் இறக்கினேன். அப்போதுதான் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "நாளைக்கு அவன் அழுதா நான் என்ன பண்றது?" என்று கேட்டாள். காலையிலிருந்து ஊரையே மிரட்டினவள் கேட்கிற கேள்வியா இது? "நானும் அழறேன். மூணு பேரும் அழலாம். மேஜை மட்டும் போகக் கூடாது" என்றேன்.

ஞாயிறு பத்து மணிக்குப் பிள்ளையும் அவன் மனைவியும் வந்தார்கள். கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தவன், வெறும் ஹாலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"அம்மா! திருடன் வந்துட்டானா?"

"திருடன் எதுக்குடா? ஷட்டரைத் திறந்து வெச்சு நானே வித்தேன்."

"சோபா? கட்டில்?"

"வேண்டாததை விக்கலாம்னு நீதானே சொன்ன."

"எல்லாத்தையும் வித்துட்டு எதுலம்மா படுப்ப? நாங்க வந்தா எங்க உக்காருவோம்?"

"மடக்குக் கட்டில் இருக்கு. ஸ்டூல் ரெண்டு இருக்கு. பத்தலன்னா உங்க அத்தை வீட்டுல கடன் வாங்கிக்கறேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

அவன் குரல் இறங்கியது. "அம்மா, எனக்கு வந்த அந்தப் போன்... யாரோ ஒருத்தர், 'உங்க அம்மா விழுந்துட்டாங்க, பேச்சு மூச்சில்ல'ன்னு சொன்னாரு. ரெண்டு மணி நேரம் ரயில்ல நின்னுட்டே வந்தேன். அந்த மாதிரி இன்னொரு போன் எனக்கு வேண்டாம்மா."

அண்ணி அவன் கிட்டே போனாள். அவன் முகத்தைத் தடவினாள். "ஏணியை வித்துட்டேன்டா. முதல்ல அதைத்தான் வித்தேன். இனிமே ஏற மாட்டேன், மாட்டறதுக்கு ஆள் பேசிட்டேன். ஆனா தைக்கறதை விட மாட்டேன். அது என்னால முடியாது."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது வெளியே வேன் ஹாரன் அடித்தது. அவன் முகம் வெளுத்தது. மேஜையை வாங்கின அம்மாள், புதிதாகப் பூக்கடை திறக்கப் போகிறவள், இரண்டு ஆட்களோடு இறங்கினாள்.

"நல்லா பாத்துக்கோங்க" என்று அண்ணி அவளை கராஜுக்குள் கூட்டிப்போனாள். "இதுதான் மேஜை. இது விக்கறதுக்கு இல்ல."

பூக்கடைக்காரிக்குக் கோபம் வந்தது. வராதா? வேன் பிடித்து வந்திருக்கிறாள். "உங்க பையன் ஒத்துக்கிட்டாரே! இப்ப இல்லைன்னா எப்படி? நான் போன்ல அவருக்கு ஒரு நட்சத்திரம்தான் போடுவேன்!"

"போடுங்க. ஒண்ணுகூட ஜாஸ்தி" என்றாள் அண்ணி. "உங்களுக்கு எவ்வளவு நீளம் வேணும்?"

"எட்டடி போட்டிருந்துச்சு. எங்க கடையில அவ்வளவு இடம் இருக்கும்."

"'இருக்கும்'னா? அளந்தீங்களா?"

அவள் தன் ஆட்களைப் பார்த்தாள். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். அண்ணி டேப்பை எடுத்து மேஜையில் ஓட்டிக் காட்டினாள்: பத்தடி. பிறகு கடையில் இருக்கும் ஆளுக்குப் போன் போட்டு, சுவருக்குச் சுவர் அளக்கச் சொல்ல வைத்தாள். ஏழடி இரண்டு இன்ச். இரண்டு தடவை அளக்கச் சொன்னாள். அப்போதும் ஏழடி இரண்டு இன்ச். பூக்கடைக்காரி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். இந்த மேஜை வேனில் போயிருந்தால் கடை வாசலிலேயே நின்றிருக்கும்.

"இது ஆறடி." அண்ணி சாப்பாட்டு மேஜையைத் தட்டினாள். "மரம் இதைவிட உசத்தி. கறை கிடையாது."

"ஆனா அந்த ஆணி அலங்காரம்..."

"அது அலங்காரம் இல்லம்மா, அளவு. பூச்சரம் அளந்து விக்க உங்களுக்கும் வேண்டியதுதான். அடிச்சுத் தரேன்."

பித்தளை ஆணி டப்பாவை எடுத்தாள். வலது கையில் சுத்தியல். இடது கையால் ஆணியைப் பிடித்தாள், ஆணி நடுங்கியது. நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்தோம். பிள்ளை வேகமாக வந்து, "குடும்மா, நான் அடிக்கறேன்" என்று சுத்தியலுக்குக் கை நீட்டினான்.

"அடிக்க எனக்குத் தெரியும். நீ ஆணியைப் பிடி. ஆட்டாத."

அவன் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ஆணியாகப் பிடித்தான். அவள் அடித்தாள். ஒரு அடிகூட அவன் விரலில் படவில்லை. நாலாவது ஆணி வரும்போது அவன் கண்ணை மூடிக்கொள்வதை நிறுத்தியிருந்தான்.

வேன் போன பிறகு கராஜில் பெரிய மேஜையையும் தையல் மெஷினையும் தவிர ஒன்றுமில்லை. இத்தனை நாள் சாமான் மறைத்திருந்த சுவர் முழுசாகத் தெரிந்தது. பிள்ளை சின்ன வயதில் இந்தச் சுவரைப் பார்த்துத்தான் எண் படித்தான். இப்போது அதன் ஓரமாகவே நடந்து, படித்துக்கொண்டே போனான். கடைசி மூலையில் நின்றான். நானும் போய்ப் பார்த்தேன்.

'மகன் வீடு. எனக்குக் காட்டிய ரூம் 8 x 9½. ஜன்னல் 3½ x 4.' அதற்குக் கீழே, 'மேஜை 10 x 4. நிற்காது.'

"இது எப்பம்மா எழுதின?"

"நீங்க அங்க குடி போன அன்னிக்கு."

"அது போன வருஷம். நீ விழறதுக்கு முன்னாடி." அவன் திரும்பினான்.

"நீங்க டேப் வெச்சு அளந்தப்போ, திரை தைக்கறதுக்குன்னு நினைச்சேன் அத்தை" என்றாள் மருமகள்.

"திரையும் தச்சேன்." அண்ணி மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவளிடம் கொடுத்தாள். வெளிர்பச்சைத் துணி, மடிப்பு மாறாமல் இருந்தது. "மாட்டி வைம்மா. மாசத்துல நாலு நாள் வந்து அந்த ரூம்ல தூங்கறேன்."

"அப்பவே ஏம்மா சொல்லல?" என்று கேட்டான் பிள்ளை. குரல் உடைந்திருந்தது.

"நீ கேக்கவே இல்லையேடா. ரூம் பிடிச்சிருக்கான்னு கேட்ட. பிடிச்சுதான் இருந்துச்சு. அதுல நான் படுக்கலாம். என் மேஜை நிக்காது."

அவன் அழுதான். அவளும் அழுதாள். சொன்ன வாக்கை நானும் காப்பாற்றினேன். அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு அண்ணி வேலையைச் சொன்னாள்: மேஜையை ஹாலுக்குக் கொண்டுபோக வேண்டும். தினமும் அந்த ஷட்டரைத் தூக்கி இறக்க இனி அவள் கைக்கு ஆகாது. ஹாலில்தான் இப்போது வேண்டிய மட்டும் இடம் இருக்கிறதே.

கராஜிலிருந்து ஹாலுக்கு ஒரே கதவு. மேஜையைப் பக்கவாட்டில் சாய்த்தால்தான் நுழையும். அதன் உயரம் சரியாக மூன்றடி. பிள்ளை அவள் கழுத்திலிருந்து டேப்பை உருவி, நிலைக்கு நிலை பிடித்து அளந்தான்.

"மூணடி ஒரு இன்ச். போகும்மா."

அண்ணி அவன் கையிலிருந்து டேப்பை வாங்கினாள். இடது கையால் நுனியை நிலையில் அழுத்தினாள். அது நடுங்கி நின்றது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"மூணடி முக்கால் இன்ச்" என்றாள். "போகும். தூக்கு."